டிக்கியும் ஓர் இருக்கைதான்

கேள்வி: நாங்கள் கோவையில் வசிக்கிறோம். எங்களுக்கு 13 வயதில் மூத்த மகள், 10 வயதில் மகன், 5 வயதில் ஒரு மகள், 2 வயதில் கடைக்குட்டிப் பையன் என நான்கு பிள்ளைகள். மாமியாரும் எங்களுடன் இருக்கிறார். 30 கிலோ எடையுள்ள லாப்ரடார் ஒன்றும், தெருவிலிருந்து எடுத்து வளர்த்த 12 கிலோ நாட்டு நாய் ஒன்றும் வீட்டில் உண்டு. மாதம் ஒருமுறை தேனிப் பக்கம் இருக்கும் என் தாய்வீட்டுக்குப் போவோம். இப்போதுள்ள ஐந்து பேர் காரில் கடைக்குட்டி என் மடியிலும், நாட்டு நாய் மூத்தவள் மடியிலும், லாப்ரடார் எல்லோருடைய காலடியிலுமாகப் போய்வருகிறோம். ஆன் ரோடு 15 லட்சத்துக்குள் ஏழு பேர் அமரும் வண்டி வாங்க எண்ணியிருக்கிறோம். எனக்கு எர்டிகா போதுமென்று தோன்றுகிறது. கணவர் உயரமான எஸ்.யு.வி.தான் வேண்டும் என்கிறார். சி.என்.ஜி. எடுத்தால் மிச்சம் என்கிறார்கள் உறவினர்கள். எதை வாங்கலாம்?

– ஒரு வாசகி, கோவை

பதில்: அன்புச் சகோதரி, எந்த வண்டி என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு தாளை எடுத்து, யார் எங்கே உட்காருவது என்று கட்டம் போட்டுப் பாருங்கள். ஷோரூமில் ‘செவன் சீட்டர்’ என்று சொல்லும்போது அந்த ஏழு பேரும் ஒல்லியான பெரியவர்கள், யார் கையிலும் பை கிடையாது, யாருக்கும் வால் கிடையாது. உங்கள் வீட்டுக் கணக்கு அப்படி இல்லை. என்னிடம் கேட்டால், நாய்களின் இடத்தையும் முதலிலேயே கட்டத்தில் குறித்துவிட வேண்டும். மிஞ்சிய இடத்தில் அவற்றை ஏற்றிக்கொள்ளலாம் என்று வாங்கிய வண்டியில் கடைசியில் ஒரு குழந்தை மறுபடியும் யார் மடிக்காவது வந்துவிடும்.

மடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 14 வயது நிரம்பாத பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். அபராதம் கிடக்கட்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதன்மீதாவது மோதி நிற்பது, ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, கீழே விழுவதற்குச் சமம். அந்தக் கணத்தில் எந்தத் தாயின் கையாலும் 12 கிலோக் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. கட்டப்படாத 30 கிலோ லாப்ரடாருக்கும் இதே கணக்குத்தான். அது முன்னால் பறந்து வரும்போது வழியில் இருக்கப்போவது உங்கள் பிள்ளைகளின் தலைகள்.

இனி கட்டத்துக்கு வருவோம். கடைக்குட்டிக்குத் தோள், இடுப்பு, கவட்டை என்று ஐந்து முனைகளில் மாட்டும் பட்டையுள்ள குழந்தை இருக்கை வேண்டும். ஐந்து வயதுக்காரிக்கும், பத்து வயதுப் பையன் இன்னும் வளராதவனாக இருந்தால் அவனுக்கும், பூஸ்டர் எனப்படும் உயர்த்தும் இருக்கை வேண்டும். வயதைவிட உயரத்தைப் பாருங்கள். ஏறக்குறைய 150 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை பெரியவர்களுக்கான பெல்ட் பிள்ளைகளின் கழுத்திலும் வயிற்றிலுமே விழும். அது தோள் எலும்பின் மேலும் இடுப்பு எலும்பின் மேலும் படிந்தால்தான் காப்பாற்றும். மூத்தவளுக்கு மட்டும் வெறும் பெல்ட் போதுமாக இருக்கலாம்.

ஆக, இரண்டாம் வரிசையில் மூன்று பிள்ளைகள், அவர்களில் இருவருக்கோ மூவருக்கோ தனி இருக்கை. இங்கேதான் பல வண்டிகள் தோற்றுப்போகும். குழந்தை இருக்கை ஒன்றும் பூஸ்டர் ஒன்றும் அருகருகே வைத்த பிறகு மூன்றாவது பிள்ளையால் பெல்ட்டின் பூட்டுக்குள் கையை விடவே முடியாது. எர்டிகாவின் வெளி அகலம் 1,735 மில்லிமீட்டர், கியா கேரன்ஸ் 1,800, இன்னோவா கிரிஸ்டா 1,830. தாளில் பார்த்தால் அற்ப வித்தியாசமாகத் தெரியும், எர்டிகாவுக்கும் கேரன்ஸுக்கும் இடையிலான அந்த ஆறரை சென்டிமீட்டர்தான், நான்கைந்து மணி நேரப் பயணத்தில் மூன்று பிள்ளைகளும் முழங்கையால் குத்திக்கொள்வதா இல்லையா என்பதை முடிவு செய்யும். வெளி அகலத்தை மட்டும் நம்பிவிடாமல் டேப் கொண்டுபோய் உள்ளே தோள் மட்டத்தில் அளந்து பாருங்கள். நடு இருக்கைக்கும் தோளைத் தாண்டி வரும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பழைய வண்டிகளில் நடுவே இடுப்புப் பட்டை மட்டும் இருக்கும், பூஸ்டரை அதில் வைக்கக் கூடாது.

இன்னொரு சிக்கலை வண்டி வாங்கிய பிறகுதான் பலரும் கண்டுபிடிக்கிறார்கள். மூன்றாம் வரிசைக்குப் போக இரண்டாம் வரிசை இருக்கையை மடித்து வழிவிட வேண்டும். குழந்தை இருக்கை பூட்டப்பட்ட இருக்கை மடங்காது. கடைக்குட்டியை ஏற்றி இறக்குவதற்கு, நடைபாதைப் பக்கமான இடப் பக்கமே நல்லது. ஆனால் பல வண்டிகளில் மடிந்து வழிவிடுவதும் அதே இடப் பக்க இருக்கைதான். வலப் பக்கமும் வழிவிடும் வண்டியானால், குட்டியை இடப் பக்கம் பொருத்திவிட்டு மூத்தவளை வலப் பக்கமாக ஏறச் சொல்லுங்கள். சாலையைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஏறும் வயது அவளுக்கு வந்துவிட்டது. இடப் பக்கம் மட்டுமே வழி என்றால் குட்டியை டிரைவருக்குப் பின்னால் பொருத்தி, இடக் கதவு வழியாக நீங்கள் உள்ளே ஏறி அமர்ந்து பட்டையை மாட்டப் பழகிக்கொள்ளுங்கள். நடுவில் நடைவழி விட்டு இரண்டு தனி இருக்கைகள் போட்ட ஆறு பேர் வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லைதான். ஆனால் அங்கே ஓர் இருக்கை குறைந்துவிடும், உங்களுக்கு அது கட்டுப்படியாகாது. அதோடு, அந்த நடைவழியை உங்கள் நாட்டு நாய் தனக்காகவே போட்டது என்று நினைத்துக்கொள்ளும்.

மூன்றாம் வரிசையில் ஒரு பாதியில் மூத்தவள். மறுபாதியை மடித்துவிட்டால் அதுவும் பின்னாலுள்ள டிக்கியும் சேர்ந்து நாய்களின் அறை. மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது எர்டிகாவின் டிக்கி 209 லிட்டர், கேரன்ஸில் 216 லிட்டர். இரண்டு பெட்டி வைக்கலாம், லாப்ரடார் படுக்க முடியாது. எர்டிகாவில் மூன்றாம் வரிசை முழுவதையும் மடித்தால் 550 லிட்டர் வரும். நீங்கள் பாதியைத்தான் மடிக்கப்போகிறீர்கள் என்பதால் இரண்டு நாய்களும் படுக்க அது சரியாக இருக்கும், மூட்டை முடிச்சுக்கு மிக இறுக்கமாகிவிடும். மூத்தவளுக்கும் நாய்களுக்கும் இடையே வலையோ கம்பித் தடுப்போ கட்டாயம் வேண்டும். நாய்களுக்கு மார்புப் பட்டை போட்டு அதிலிருந்து குட்டையான வாரைத் தரையிலுள்ள கொக்கியில் மாட்டுங்கள். கழுத்துப் பட்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள், திடீர் பிரேக்கில் அது தூக்குக் கயிறாகிவிடும்.

இந்தக் கட்டத்தில் உங்கள் மாமியாருக்கு இடமில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் தொகைக்குள் கிடைக்கும் எந்த வண்டியிலும் ஏழு பேரையும் இரண்டு நாய்களையும் ஒரே பயணத்தில் முறையாக ஏற்ற முடியாது. மாமியார் வரும் மாதம் நாய்களை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்யுங்கள். யாருக்கு முதலிடம் என்ற விவாதத்தை வண்டி வாங்குவதற்கு முன்பே வீட்டில் முடித்துக்கொள்வது நல்லது. அதில் என் கருத்தைக் கேட்காதீர்கள்.

சி.என்.ஜி. வேண்டாம். எர்டிகாவில் அந்த சிலிண்டர் நிற்பது டிக்கியில்தான். நீங்கள் நாய்களுக்கென்று தேடி வாங்கும் இடத்தை எரிவாயுவுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு நாயை எங்கே வைப்பது என்று யோசிப்பதில் பொருளில்லை.

உங்கள் கணவரின் எஸ்.யு.வி. ஆசையைக் குறை சொல்ல மாட்டேன், மேடு பள்ளத்தில் அடி தட்டாமல் போவது நிம்மதிதான். ஆனால் அந்த உயரத்தை உங்கள் நாயும் ஏற வேண்டும். எங்கள் வீட்டு நாய் எட்டு வயதுவரை ஒரே தாவலில் டிக்கிக்குள் ஏறிவிடும். ஒன்பதாம் வயதில் ஒருநாள் முன்னங்கால் இரண்டையும் விளிம்பில் வைத்துவிட்டு, பின்னங்கால் தரையிலேயே இருக்க, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்திலும் 28 கிலோவை நான்தான் தூக்கினேன், என் இடுப்பு இன்னும் அதை மறக்கவில்லை. லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வருவது சகஜம் என்பதால், தரையிலிருந்து டிக்கி விளிம்புவரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளப்பது, வண்டியின் குதிரைத்திறனைக் கேட்பதைவிட உங்களுக்கு முக்கியம். பெரும்பாலான எஸ்.யு.வி.களில் மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் டிக்கியே கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடும் என்பதையும் கணவரிடம் காட்டுங்கள். பொலேரோவிலும் சில பழைய ஜீப் வகை வண்டிகளிலும் பின்னால் எதிரெதிராகப் பக்கவாட்டில் உட்காரும் இருக்கைகள் இருக்கும். அவை விலை குறைவென்று யாராவது சொன்னாலும் பிள்ளைகளை அதில் உட்கார வைக்காதீர்கள், குழந்தை இருக்கையை அங்கே பொருத்தவே முடியாது.

ஏ.சி.யைக் காலை பத்து மணிக்குச் சோதிக்காதீர்கள். மதியம் ஒரு மணிக்கு, வண்டி வெயிலில் நின்ற பிறகு கேளுங்கள். மூத்தவளை மூன்றாம் வரிசையில் உட்கார வைத்து, அங்கேயும் அதற்குப் பின்னாலும் காற்று வருகிறதா என்று சொல்லச் சொல்லுங்கள். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சுற்றியுள்ள காற்றே கொதித்தால் அதனாலும் பயனில்லை. நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரியும், அரை மணி நேரத்தில் சுமார் 20 டிகிரியும் வெப்பம் ஏறும். கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைப்பதால் பெரிதாக ஒன்றும் குறையாது. வழியில் சாப்பிட நிறுத்தும்போது ஒரு பெரியவர் நாய்களோடு மரத்தடியில் நிற்பது என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், புதிய வண்டிகளில் உங்களுக்கு நான் சொல்வது கேரன்ஸ், பெட்ரோல், இரண்டாம் வரிசையில் நீள இருக்கை உள்ள ஏழு பேர் மாடல். எர்டிகா மோசமில்லை, பராமரிப்புச் செலவும் குறைவு. உங்கள் மூன்று பிள்ளைகளும் அதன் இரண்டாம் வரிசையில் இருக்கைகளோடு பொருந்தி உட்கார்ந்துவிட்டார்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். ரெனோ டிரைபரின் மூன்றாம் வரிசையில் உள்ள இரண்டு இருக்கைகளையும் தனித்தனியாகக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம் என்பது நாய் வளர்ப்பவர்களுக்கு அருமையான வசதி. ஆனால் நான்கு மீட்டருக்குள் அடங்கும் அந்த வண்டியும் அதன் ஒரு லிட்டர் எஞ்சினும் இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பொருந்தும், உங்களுக்குச் சிறியது. பழைய இன்னோவா கிரிஸ்டா உங்கள் தொகைக்குள் கிடைத்தால் அகலத்தில் அதை அடிக்க ஆளில்லை. மூன்றாம் வரிசை பக்கவாட்டில் மடிந்து தொங்குவதால் நடுத் தரை நாய்க்கு அப்படியே கிடைக்கும். அது டி போர்டாக, அதாவது வாடகை வண்டியாக ஓடி, பிறகு சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டுக்கு மாற்றிய வண்டியா என்று ஆர்.சி.யை வைத்து விசாரித்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். எதுவானாலும் பாரத் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியே நட்சத்திரம் தருகிறார்கள் என்பதால் இரண்டாவதைக் கேட்டுப் பாருங்கள்.

ஆன் ரோடு கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட சாலை வரி, 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம்வரை 18 சதவீதம். அதாவது 9.90 லட்சத்து வண்டிக்கும் 10.10 லட்சத்து வண்டிக்கும் வரியில் மட்டுமே அரை லட்சத்துக்கு மேல் வேறுபடும். அந்த எல்லைக்கு அருகிலுள்ள மாடலைப் பார்க்கிறீர்களானால், சன்ரூஃப் போன்றவற்றை விட்டுவிட்டு மிச்சப்படும் பணத்தில் நல்ல குழந்தை இருக்கை வாங்குங்கள்.

சீட் கவர் போடும்போது, முன் இருக்கைகளின் பக்கவாட்டில் ‘ஏர்பேக்’ என்ற சிறு துணிச் சீட்டு தைத்திருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் அதை மூடி இறுக்கித் தைத்துவிட்டால் பை விரியத் தடையாகும். வெளிர் நிறத் துணியைவிடத் துடைத்தெடுக்கும் ரெக்சின் உங்களுக்கு உகந்தது. லாப்ரடாரின் முடி பெல்ட் பூட்டுக்குள் போய் ‘கிளிக்’ என்ற சத்தமே வராமல் செய்துவிடும். வாரம் ஒருமுறை பூட்டுகளை ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு வண்டியை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லலாம். அப்போது குழந்தை இருக்கை, பூஸ்டர், நான்கு பிள்ளைகள் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, பழைய போர்வை ஒன்றை டிக்கியில் விரித்து லாப்ரடாரையும் கூப்பிடுங்கள். வந்திருக்கும் பையன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அது உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி வந்து படுக்கிறதா, அல்லது முதுகைக் குறுக்கிக்கொண்டு நின்றபடியே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். புதிய வண்டி வந்த பிறகு முதல் வாரம் எஞ்சினைப் போடாமலேயே நாய்களுக்கு அதே போர்வையில் வைத்துச் சோறு கொடுங்கள். பயணம் போகும் நாளில் மட்டும் கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பழனி வருவதற்குள் மூத்தவள் உங்களைக் கூப்பிடுவாள்.