நலம் கேளுங்கள்: கர்ப்பத்தில் இரத்தம் பட்டால்

கேள்வி: என் தங்கைக்கு ஏழாவது வாரத்தில் இரண்டு நாள் கபில நிறமாகக் கொஞ்சம் பட்டது, வலது அடிவயிற்றில் வலியும் இருந்தது. "சூடு, படுத்தால் சரியாகும்" என்றார் மாமியார். அதுவாகவே நின்றது. இனி அப்படி வந்தால் வீட்டிலேயே இருந்து பார்க்கலாமா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: பார்க்கக் கூடாது. முதல் 12 வாரத்தில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு இரத்தம் படுகிறது. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் கர்ப்பம் நல்லபடி தொடர்கிறது. வலியில்லாமல் துளித்துளியாகப் பட்டால் அன்றோ மறுநாளோ காட்டினால் போதும். ஒரு பக்க வலி சேர்ந்துவிட்டால் நாளைக்கு என்று தள்ளிப்போட வழியில்லை. கரு கருப்பைக்குள் தங்காமல் கருக்குழாயில் தங்கியிருக்கலாம். வளர இடம் போதாமல் குழாய் வெடித்தால் இரத்தம் வயிற்றுக்குள்தான் தேங்கும். வெளியே நாலு துளிதான் தெரியும். ஆகவே படும் அளவை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள். தோள் நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. சிறுநீர்ப் பரிசோதனை கர்ப்பம் என்று மட்டுமே காட்டும், கரு எங்கே என்று காட்டாது. அதற்கு ஸ்கேன் வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியோடு நிற்காமல், சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள்.

வலியில்லாவிட்டாலும் இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து மணிக்கு ஒரு பேட் முழுதாக நனைந்தால், கட்டிகள் வந்தால், காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தால் உடனே புறப்படுங்கள். சூட்டினால் இரத்தம் படுவதில்லை. படுத்தே கிடந்தால் கரு கலையாது என்பதற்கும் ஆதாரமில்லை.

கேள்வி: மனைவிக்கு 29 வாரம். நச்சுக்கொடி கீழே இருப்பதாக ஸ்கேனில் சொன்னார்கள். எங்கள் லயம் (தோட்ட வரிசை வீடு) மேல் டிவிஷனில். ரோட்டுக்கு இறங்கவே அரை மணித்தியாலம். இரவில் இரத்தம் பட்டால் என்ன செய்வது?
– வாசகர், அக்கரப்பத்தனை

பதில்: 20 வார ஸ்கேனில் கீழே தெரியும் நச்சுக்கொடி பெரும்பாலும் கருப்பை வளர வளர மேலே போய்விடும். 32 வாரமளவில் மறுபடி ஸ்கேன் செய்வதைத் தவறவிடாதீர்கள். அப்போதும் கீழேயே இருந்தால், கடைசி வாரங்களில் வைத்தியசாலைக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டில் தங்கலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். அரை மணித்தியால இறக்கம் உள்ளவர்கள் மற்றவர்களுக்கு முன்பே புறப்பட வேண்டியவர்கள்.

இந்த இரத்தம் வலியில்லாமல், பளிச்சென்ற சிவப்பாக, தூக்கத்திலும் வரும். முதல் தடவை பல நேரம் தானாக நின்றுவிடும். நின்றதே என்று இருந்துவிடுகிறார்கள். அடுத்தது பெருகி வரலாம். நின்றாலும் போக வேண்டும்.

1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள், கட்டணமில்லை. தோட்டம், டிவிஷன், எத்தனை வாரம், நச்சுக்கொடி கீழே என்பதைச் சொல்லுங்கள். வண்டி லயம் வரை ஏறாதென்றால் ஒருவரை முன்னாலேயே ரோட்டில் நிறுத்துங்கள். மனைவியை நடக்க விடாமல் கதிரையில் வைத்துத் தூக்கி இறக்குங்கள். இடப்பக்கம் சரிந்து படுக்கட்டும். பேட் வையுங்கள், உள்ளே துணி திணிக்காதீர்கள். நனைந்த பேட்களைப் பையில் கொண்டு போங்கள். உள்ளே விரல் விட்டுப் பார்க்க யாரையும் விடாதீர்கள், இரத்தம் பெருக்கெடுக்கலாம். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் பிளேன்டீகூடக் கொடுக்க வேண்டாம். கிளினிக் அட்டை கையில் இருக்கட்டும். இப்போதிருந்தே உடலுறவைத் தவிருங்கள்.

இன்னொன்று. மலைச்சரிவில் விழுந்தோ, பிரஷர் கூடியோ நச்சுக்கொடி முன்கூட்டியே கழன்றால் வயிறு பலகை மாதிரி இறுகும், வலி விடாமல் இருக்கும். இரத்தம் உள்ளேயே தேங்கி வெளியே வராமலும் இருக்கலாம். குழந்தையின் அசைவு குறைந்தாலும் இதே அவசரம்தான்.

ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருக்கும் தாயை, மற்றவர் தாங்கும் இரத்த இழப்பே சாய்த்துவிடும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். தோட்டத்தில் இது அன்றாடம் நடக்கும் தவறு.

கேள்வி: 38 வாரம். சளி போல, இரத்தம் கலந்து கொஞ்சம் வந்தது. பயப்பட வேண்டுமா? என் இரத்த வகை ஓ நெகட்டிவ்.
– வாசகி, ஹாலிஎல

பதில்: சளியோடு இளஞ்சிவப்பாக வருவது பிரசவம் நெருங்குவதன் அடையாளம், நிதானமாகப் பையை எடுத்துக்கொண்டு போகலாம். சளியில்லாமல் வெறும் இரத்தமாக வந்தால் அவசரம். நெகட்டிவ் வகைக்காரர்கள் 12 வாரத்துக்குப் பின் எப்போது இரத்தம் பட்டாலும் அன்டி-டி ஊசி (குழந்தையின் பாசிட்டிவ் இரத்தத்துக்குத் தாயின் உடல் எதிர்ப்பு உண்டாக்காமல் தடுப்பது) பற்றி உடனே கேட்க வேண்டும். அது 72 மணித்தியாலத்துக்குள் போடப்பட வேண்டிய ஊசி. 12 வாரத்துக்கு முன் பட்டால் வேண்டுமா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். காட்டும்போது வகையை முதலில் சொல்லுங்கள்.