முன் டயரில் காற்று ஏன் இறங்குகிறது?

கேள்வி: மரக்கறித் தோட்டத்தில் ஓடும் எங்கள் சிறிய உழவு இயந்திரத்தின் முன் டயர்களில் மட்டும் அடிக்கடி காற்று இறங்குகிறது. தடுக்க வழியுண்டா?
– வாசகர், கந்தப்பளை

பதில்: கவ்வாத்து செய்த, அதாவது செடிகளின் கிளைகளை வெட்டிவிட்ட, தேயிலை மலையை ஒட்டி ஓடும் வண்டியானால், சாய்வாக வெட்டப்பட்ட குச்சிகளின் கூர்முனை டயரைத் துளைத்திருக்கலாம். குச்சியோ ஆணியோ அகப்படவில்லையென்றால், காற்றழுத்தக் குறைவையே நான் முதலில் சந்தேகிப்பேன்: சரிவில் குறுக்காகத் திரும்பும்போது தளர்ந்த டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து விலகிக் காற்றை விட்டுவிடும், டியூப் போட்ட டயரிலோ, டியூப் நகர்ந்து வால்வின் அடிப்பகுதி கிழியும். ஆகவே, டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், கையேட்டில் சொல்லப்பட்ட அழுத்தம் இருக்கிறதா என்று அளவுமானி வைத்துப் பாருங்கள். காலால் உதைத்துப் பார்ப்பது போதாது. டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் சிறு துளைகளுக்கு உதவும், பக்கச்சுவர்க் கிழிசலுக்கு உதவாது. டியூப் மாற்றும்போது டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். ஒடிந்த முனை உள்ளே நின்றால் புது டியூப்பும் அன்றைக்கே போய்விடும்.