பிளஸ் டூ பையனுக்கு ‘நார்சிசிஸ்ட்’ பட்டம் எதற்கு?

அம்மா, உங்கள் கடிதம் படித்தேன். இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு உங்கள் பையனின் கட்-ஆஃப் 178. தம்பியோ, “கிண்டி இன்ஜினியரிங் காலேஜ், இல்லாவிட்டால் குரோம்பேட்டை எம்ஐடி, வேறெதையும் சாய்ஸில் போட மாட்டேன்” என்கிறான். மார்க் குறைந்ததற்குக் கணக்கு வாத்தியார்தான் காரணமாம். ரீல்ஸ் பார்த்த அக்கா அவனை நார்சிசிஸ்ட், அதாவது தன்மோக ஆளுமைக் கோளாறு உள்ளவன், என்று சொல்லிவிட்டாள், நீங்களும் பயந்துவிட்டீர்கள்.

அந்தப் பட்டத்தை முதலில் வீட்டில் நிறுத்துங்கள். தற்பெருமை வேறு, ஆளுமைக் கோளாறு வேறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இது தனிக் கோளாறாக இடம்பெற்றதே 1980-இல்தான். இப்போதைய பதிப்பில் 9 அறிகுறிகள். அவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அதுவும் ஒரு கோபத்திலோ ஒரு ரிசல்ட்டிலோ தெரிந்தால் போதாது, வீடு, நட்பு, வேலை என்று எங்கும் நீடிக்க வேண்டும். பதின்வயதில் இந்தச் சாயல் சகஜம், அது கோளாறில்தான் முடியும் என்றில்லை என்று அதே கையேடு சொல்கிறது. நண்பன் கூடுதல் மார்க் எடுத்தால் முகம் சுளிப்பது வயசு. எல்லோரையும் தன் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டு, அவர்கள் அழுதாலும் துளி உறுத்தல் இல்லாமல் வருடக்கணக்கில் நடந்துகொண்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கோபிக்காதீர்கள், ஒன்று கேட்கிறேன். “இவன் கிண்டியில்தான் படிப்பான்” என்று சொந்தபந்தமெல்லாம் கேட்கச் சின்ன வயதிலிருந்தே சொல்லி வந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நெதர்லாந்தில் பள்ளிப் பிள்ளைகளையும் பெற்றோரையும் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. மற்ற பிள்ளைகளைவிட உசத்தி என்று தூக்கிவைத்தால் தன்மோகம் கூடுகிறது, அன்பும் அரவணைப்பும் தந்தால் தன்மதிப்பு வளர்கிறது என்று அதில் தெரிந்தது. தம்பி இப்போது காப்பாற்றப் பார்ப்பது உங்கள் வார்த்தையையும்தான். “எந்தக் காலேஜ் என்றாலும் எங்களுக்குச் சம்மதம்” என்று அப்பாவே அவனிடம் சொல்லட்டும்.

கவுன்சலிங்கில் வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்தித் தரும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு வருவோம். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். கிண்டியும் எம்ஐடியும் மேலேயே இருக்கட்டும். கீழே சேர்ப்பதால் மேலே உள்ளவற்றின் வாய்ப்பு குறையாது. போன வருடம் உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் எந்தக் கோர்ஸ் எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்று அவனே எடுத்துப் பார்க்கட்டும். நீங்கள் சொன்னால் சண்டை, பட்டியல் சொன்னால் கேட்பான்.

சீட் கிடைக்காவிட்டால் உயிரோடு இருக்க மாட்டேன் என்று பேச்சுவாக்கில் சொன்னாலும் அதை வீம்பு என்று விடாதீர்கள். தனியாக விடாமல் கூடவே இருங்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.