சட்டம் கேளுங்கள்: டூட்டிக்குக் கிளம்பிய அப்பா

கேள்வி: அப்பாவுக்கு வயது 79. அரசு பஸ்ஸில் 30 வருஷம் டிரைவராக இருந்தவர், மூன்று வருஷமாக மறதி நோய். நானும் கணவரும் வேலைக்குப் போவதால் ஒரு லட்சம் டெபாசிட் கட்டி, மாதம் 25,000 ரூபாய்க்கு ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். 14 மாதம் இருந்தார். ‘விடியற்காலை 4 மணிக்கு எழுந்து டூட்டிக்கு நேரமாச்சுன்னு கிளம்பிடுவார், கேட்டைப் பார்த்துக்குங்க’ என்று சேர்த்த அன்றே சொன்னேன், நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மூன்று வாரம் முன்பு, பால்காரருக்காகக் கேட்டைத் திறந்த நேரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எங்களுக்குப் போன் வந்தது 11 மணிக்கு. மறுநாள் சாயங்காலம் பக்கத்து மாவட்டத்தில் ஒரு பஸ் டிப்போ பக்கம் வாய்க்காலில் விழுந்து கிடந்தவரை யாரோ புண்ணியவான்கள் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இல்லத்தில் கேட்டால், ‘அவராகப் போனதுக்கு நாங்க என்ன செய்வோம், வெளியே போனா நிர்வாகம் பொறுப்பல்லன்னு நீங்கதான் கையெழுத்து போட்டிருக்கீங்களே’ என்கிறார்கள். அப்படியானால் பொறுப்பு யாருடையது?
– வாசகி, கோவை

பதில்: முதலில் அப்பா உயிரோடு கிடைத்தாரே, அது பெரிய விஷயம். அவர் டிப்போ பக்கமே போய் நின்றிருக்கிறார் பாருங்கள். மறதி நோய் வந்தவர்கள் பல பேர் இப்படித்தான், பழைய வேலையிடத்தையோ சொந்த ஊரையோ தேடிக்கொண்டுதான் நடப்பார்கள். வெளியே இருந்து பார்க்கிற நமக்கு அது காரணமில்லாத அலைச்சல், அவருக்கோ முதல் டிரிப் வண்டியை எடுக்க நேரமாகிவிட்டது.

சரி, சட்டத்துக்கு வருவோம். ‘அவராகப் போனார்’ என்ற வாதம் புத்தி தெளிவாக உள்ள பெரியவர் விஷயத்தில் செல்லும், ஏனென்றால் முதியோர் இல்லம் ஜெயில் இல்லை, ஒருவர் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பினால் தடுக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. ஆனால் உங்கள் அப்பாவுக்கு நோய் இருப்பது இல்லத்துக்குத் தெரியும், எத்தனை மணிக்கு எழுந்து என்ன சொல்லிக் கிளம்புவார் என்பதுவரை தெரியும். நீதிமன்றமோ நுகர்வோர் ஆணையமோ இங்கே முக்கியமாகப் பார்ப்பது இரண்டு விஷயம்: இப்படி நடக்கும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததா, தெரிந்தும் நியாயமாக எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கையை எடுத்தார்களா. நீங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதிக்கொண்ட அந்த நோட்டுப் பக்கம்தான் உங்கள் வழக்கின் உயிர்நாடி. அதன் நகலைக் கேட்டு உடனே ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள், கூடவே சிசிடிவி பதிவை அழிக்கக் கூடாது என்றும் எழுதுங்கள். பல இடங்களில் 15 நாளோ 30 நாளோ ஆனால் பழைய பதிவின் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும் என்பதால், இதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று இதை மட்டும் முன்பே உங்களுக்குத் தெரிவிக்கச் சொல்லிவிட்டேன். அப்பாவைச் சேர்த்த அரசு ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்கி வையுங்கள். அவர் எந்த நேரத்தில், எந்த நிலையில் வந்தார் என்பதற்கு அது ஆதாரம்.

அடுத்தது கையெழுத்து. பயப்படாதீர்கள். 1998-ல் டெல்லியில் ஒருவர் நட்சத்திர ஓட்டலுக்குப் போய் காரைப் பார்க் செய்யச் சொல்லிச் சாவியை ஊழியரிடம் கொடுத்தார், கார் திருடு போய்விட்டது, ‘உங்கள் சொந்தப் பொறுப்பில் நிறுத்துங்கள்’ என்று சீட்டிலேயே அச்சடித்திருக்கிறோம் என்றது ஓட்டல். கடைசியில் 2019-ல் உச்ச நீதிமன்றம், தன்னுடைய ஊழியர்களின் கவனக்குறைவால் வந்த நஷ்டத்தை இப்படி ஒரு வரியைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அது பொருளை ஒப்படைப்பது பற்றிய வழக்கு, அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாதுதான். ஆனாலும் உங்கள் வக்கீல் இதை எடுத்துக் காட்டலாம். காரை ஒப்படைத்தவருக்கே இவ்வளவு பாதுகாப்பு உண்டென்றால் அப்பாவை ஒப்படைத்தவருக்கு அதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எங்கே போவது? பணம் வாங்கிக்கொண்டு செய்யும் சேவை என்பதால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இது ‘சேவைக் குறைபாடு’. பணம் கட்டிய நீங்களும் நுகர்வோர், சேவையை அனுபவித்த அப்பாவும் நுகர்வோர், இரண்டு பேர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். நீங்கள் கட்டிய தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட ஆணையம் போதும். இல்லம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். டெபாசிட்டையும் சேர்த்து நீங்கள் கட்டியது நாலரை லட்சம், ஐந்து லட்சம்வரை மனுக் கட்டணமே இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு, இனி வீட்டில் ஆள் வைத்துப் பார்க்கும் செலவு, அவர் பட்ட வேதனை எல்லாவற்றுக்கும் கேளுங்கள்.

கிரிமினல் பக்கமும் உண்டு. எலும்பு முறிவு சட்டப்படி ‘கொடுங்காயம்’, அலட்சியத்தால் அப்படி நேர்ந்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ம் பிரிவின் கீழ் மூன்று வருஷம்வரை தண்டனை. உயிரே போயிருந்தால் 106-ன் கீழ் ஐந்து வருஷம்வரை. இன்னொரு பிரிவு இருக்கிறது, வக்கீல்களே அதிகம் எடுப்பதில்லை: 357. நோயாலோ முதுமைத் தளர்ச்சியாலோ தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவரைப் பார்த்துக்கொள்வதாக ஒப்பந்தம் செய்துவிட்டு வேண்டுமென்றே செய்யாமல் விட்டால் மூன்று மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ‘வேண்டுமென்றே’ என்பதை நிரூபிப்பது கஷ்டம், அதனால் இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

என் பார்வையில் உங்கள் வழக்கின் கனமான பகுதி, திறந்திருந்த கேட்டைவிட, அதற்கப்புறம் போன அந்த ஆறேழு மணி நேரம். கேட் ஒரு நிமிஷக் கவனப்பிசகு என்று அவர்கள் சொல்லலாம், கேட்பவர்கள் அதை ஒப்புக்கொள்ளக்கூடச் செய்யலாம். ஆனால் காலை காபி கொடுக்கும்போது ஒரு தம்ளர் மிஞ்சியிருக்கும், டிபன் நேரத்தில் ஒரு தட்டு மிஞ்சியிருக்கும், மாத்திரை கொடுக்க வந்தவர் கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்திருப்பார். அதற்குப் பிறகும் 11 மணிவரை போலீசுக்கும் உங்களுக்கும் போன் போகவில்லை என்றால் அதற்கு அவர்கள்தான் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் உள்ளே என்ன நடந்தது என்பது அவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். எத்தனை மணிக்குக் கண்டுபிடித்தார்கள், யார் தேடினார்கள், அன்றைக்கு இரவு டூட்டியில் எத்தனை பேர் என்று நோட்டீசிலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து 22 பேரை இலவசமாக வைத்துப் பார்க்கிறோம். அதில் நான்கு பேருக்கு மறதி. பூட்டினால் அடைத்து வைத்திருக்கிறான் என்கிறார்கள், பூட்டாவிட்டால் அலட்சியம் என்கிறார்கள். ஒரு பாட்டியை ராத்திரி மட்டும் கட்டிலோடு துணியால் கட்டி வைக்கலாமா என்று ஆயா கேட்கிறார். நாங்கள் என்னதான் செய்வது?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கட்டாதீர்கள் ஐயா. துணியாக இருந்தாலும் கட்டுதான். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் எழுந்து ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் நடந்ததைத் தமிழ்நாட்டில் காப்பகம் நடத்தும் யாரும் மறக்கக் கூடாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், நினைவாற்றலையும் இடம் காலம் பற்றிய உணர்வையும் கடுமையாகப் பாதிக்கும் கோளாறையும் மனநோய் வரையறைக்குள் வைக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைப்படும் நேரத்துக்கு மட்டும்தான் கட்டுப்படுத்தலாம் என்கிறது. ஆள் பற்றாக்குறை என்பதைக் காரணமாகச் சொல்லவே கூடாது என்றும் அதில் தெளிவாக இருக்கிறது.

முழுக்க இலவசமாகச் செய்யும் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அதற்காகப் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடாது. அலட்சியத்தால் ஓர் உயிர் போனால் சிவில் வழக்கும் வரும், போலீஸ் வழக்கும் வரும், தர்மம் செய்தவர் என்பதற்காக விட்டுவிட மாட்டார்கள். ஆனால் சட்டம் உங்களிடம் எதிர்பார்ப்பது நியாயமான கவனம்தான். 22 பேரும் 24 மணி நேரமும் கண் பார்வையிலேயே இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அந்த நான்கு பேருடைய கதவில் திறந்தால் ஒலிக்கிற மணி ஒன்று, கடையில் மலிவாகவே கிடைக்கும். ஷிப்ட் மாறும்போது தலை எண்ணிக் கையெழுத்து. சட்டைக் காலரின் உள்பக்கமும் சேலையின் முந்தானை ஓரத்திலும் போன் நம்பர் தைத்துவிடுங்கள், சட்டைப் பையில் வைக்கிற சீட்டு ஒரு நாள்கூடத் தங்காது. சமீபத்தில் எடுத்த போட்டோ ஒவ்வொருவருக்கும் வேண்டும். ராத்திரி கேட்டைப் பூட்டலாம், சாவி விழித்திருப்பவர் இடுப்பில் இருக்க வேண்டும், உரிமையாளர் வீட்டில் இருக்கக் கூடாது. அந்தப் பாட்டி ராத்திரி ஏன் எழுகிறார் என்றும் பாருங்கள். பாத்ரூம் அவசரமாக இருக்கும், பசியாக இருக்கும், சாயங்காலம் கொஞ்சம் தூரம் நடக்கவைத்தாலே நன்றாகத் தூங்கிவிடுகிறவர்களும் உண்டு.

மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இல்லத்தைப் பதிவு செய்திருக்கிறீர்களா? இல்லையென்றால் நாளைக்கே போங்கள். ஏதாவது நடந்துவிட்டால் முதல் கேள்வியே அதுதான்.

ஒன்று மட்டும் உங்களுக்காக இல்லாமல், இதைப் படிக்கிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். இல்லத்தில் சேர்க்க மாட்டார்களோ என்று பயந்து ‘வயசுக்கு ஏத்த மறதிதான்’ என்று சொல்லிச் சேர்ப்பவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். அப்படி மறைத்தால் நாளைக்கு அவர் வெளியே போய்விட்டபோது ‘எங்களிடம் சொல்லவே இல்லை’ என்ற பதிலை நீங்களே அவர்கள் கையில் கொடுக்கிறீர்கள். அதைவிட முக்கியம், பார்த்துக்கொள்கிற ஆயாவுக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்றே தெரியாமல் போய்விடும்.

கேள்வி: இல்லத்திலிருந்து பெரியவர் காணாமல் போனால் 24 மணி நேரம் கழித்துத்தான் போலீசில் புகார் எடுப்பார்களாமே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் கிடையாது. காணவில்லை என்று தெரிந்த அந்த நிமிஷமே 112-க்குப் போன் பண்ணுங்கள், அப்புறம் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுங்கள். எங்கள் எல்லை இல்லை என்று சொன்னாலும் எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 173-ம் பிரிவு. எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வாங்கியதற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பினால், காணாமல் போனவருக்கு மறதி நோய் உண்டு என்ற டாக்டர் சீட்டை இணைத்து எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்கு அன்றே மனு கொடுங்கள். முதியோர் உதவி எண் 14567-லும் சொல்லி வையுங்கள். போலீஸ் தேடட்டும் என்று உட்கார்ந்துவிடாமல், இல்லத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள புதர், வாய்க்கால், கட்டி முடிக்காத வீடு, கோயில் மண்டபம் எல்லாவற்றையும் முதலில் பாருங்கள், கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டார்கள், அதனால் கிட்டே போய்ப் பாருங்கள். இன்னொரு குழு அவர் பழைய வேலையிடத்துக்கும் பழைய வீட்டுக்கும் போகிற பஸ் ரூட்டில் போகட்டும், கண்டக்டர்களிடம் போட்டோவைக் காட்டச் சொல்லுங்கள்.