அரசரும் நாடாளுமன்றமும் மோதிக்கொண்ட இங்கிலாந்து உள்நாட்டுப் போரின்போது, நாடாளுமன்றத்தின் அதிகாரத்தையே ஏற்க மறுத்த நீதிபதி யாராவது இருந்தாரா?

இருந்தார். டேவிட் ஜென்கின்ஸ். வேல்ஸ்காரர். 1643இல், போர் தொடங்கிய மறுவருடம், அரசர் முதலாம் சார்லஸ் இவரைத் தென்மேற்கு வேல்ஸுக்கு நீதிபதி ஆக்கினார். உடனே ஜென்கின்ஸ் நாடாளுமன்றத்தின் ஆட்கள் மீது ராஜத்துரோகக் குற்றம் சாட்டத் தொடங்கிவிட்டார்.

1645 டிசம்பரில் ஹெரிஃபோர்டு நகரில் பிடிபட்டார். அந்த ஊர் விழுந்ததே ஒரு தனிக்கதை. உறைந்து கிடந்த ஐஸை உடைக்க வந்த கூலியாட்கள் போல வேடமிட்ட சிப்பாய்கள் நகர வாசலில் காவலர்களை மடக்கினார்கள். பின்னால் பதுங்கியிருந்த படை உள்ளே புகுந்தது.

அப்புறம் லண்டன் கோபுரச் சிறை. 1647இல் நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு கேள்வி கேட்டபோது வாயே திறக்கவில்லை. பதில் சொன்னால் குழுவின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமே! அரசர், பிரபுக்கள் சபை, பொதுச் சபை மூன்றும் சேர்ந்தால்தான் நாடாளுமன்றம், அரசர் இல்லாத இரண்டு சபைகள் நாடாளுமன்றமே அல்ல என்பது அவர் வாதம்.

எனக்குப் பிடித்த இடம் முத்திரை விவகாரம். அரசாங்க ஆணை எதுவும் செல்ல வேண்டுமானால் அதில் அரசரின் பெரிய முத்திரை இருக்க வேண்டும். அது சார்லஸிடம் இருந்ததால் நாடாளுமன்றம் 1643இல் தனக்கென்று ஒன்று செய்துகொண்டது. 1351ஆம் வருடச் சட்டப்படி அரசரோடு போரிடுவது ராஜத்துரோகம். முத்திரையைப் போலியாகச் செய்வதும் ராஜத்துரோகம். ஆக, இவரைத் துரோகி என்றவர்கள் அதே சட்டத்தில் இரண்டு தடவை மாட்டுகிறார்கள். 1648 பிப்ரவரியில் நீதிமன்றத்தில் நிறுத்தியபோதும் இதைத்தான் சொன்னார்: போலி முத்திரையில் பதவிக்கு வந்தவர்கள் முன்னால் நான் பதில் சொல்ல முடியாது.

சரி, பொதுச் சபைக்கே கொண்டுபோனார்கள். அங்கே மண்டியிட மறுத்தார். போதாக்குறைக்கு அந்தச் சபையைக் ‘கள்ளர் குகை’ என்றார். பைபிள் வாசகம் என்பதால் எல்லோருக்கும் சுருக்கென்று தைத்திருக்கும். அவமதிப்புக்கு 1000 பவுன் அபராதம்.

தூக்கில் போடுவார்கள் என்று ஆனபோது, ஒரு பக்கம் பைபிளையும் இன்னொரு பக்கம் சட்டப் புத்தகத்தையும் கட்டிக்கொண்டு தூக்குமேடை ஏறுவேன் என்றாராம். அரசரை வெறுத்த நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி மார்ட்டன்தான், கொன்றால் தியாகி ஆகிவிடுவார் என்று சொல்லித் தடுத்தார் என்பார்கள். இரண்டுமே கேள்விப்பட்ட கதைகள்தான்.

சிறையில் இவருக்குக் கிடைத்த சிநேகிதர் யார் தெரியுமா? ஜான் லில்பர்ன். சாமானியர்களின் உரிமைக்காகச் சண்டை போட்டவர். அரசருக்கு எதிராகப் படையில் நின்றவர். ஆனால் அவரையும் அதே நாடாளுமன்றம்தான் அடைத்திருந்தது. கிழட்டு நீதிபதி அவருக்குச் சட்ட நுணுக்கங்களைச் சொல்லிக் கொடுத்தார்.

நடுவில் ஒழிக்கப்பட்டிருந்த முடியாட்சி 1660இல் திரும்பியது. பதினொரு வருடத்துக்கும் மேலாகச் சிறையில் கிடந்த மனிதருக்கு லண்டனின் பெரிய நீதிமன்றங்கள் இருந்த வெஸ்ட்மின்ஸ்டரில் நீதிபதிப் பதவி தருவார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். தரவில்லை. கைமடக்கு கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும், இவர் கொடுக்கவில்லை என்று ஒரு பேச்சு உண்டு. சொந்த ஊர்ப் பக்கமே போய், 1663இல் கவ்பிரிட்ஜில் காலமானார்.