காலடித் தடத்தில் நகம் வரையாதீர்கள்

காட்டுயிர் பற்றிச் சிறுவர்களுக்கு எழுதுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். சிங்கம் பேசும் கதைகளுக்கு இங்கே இடமில்லை. தகவல் நூல்களைப் பற்றி மட்டும் பார்ப்போம்.

கேள்வி: மேற்குத் தொடர்ச்சி மலை விலங்குகளைப் பற்றி எட்டு வயதுப் பிள்ளைகளுக்காக 6,000 சொற்களில் எழுதியிருக்கிறேன். பதிப்பகத்தில் ரொம்ப நீளம் என்கிறார்கள். எதை வெட்டுவது? (கல்லூரி ஆசிரியர், தேனி)

பதில்: வெட்ட வேண்டாம். உங்கள் கையில் இருப்பது ஐந்தாறு புத்தகங்கள். ஒன்றை உருவி எடுங்கள். படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம், அதாவது 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதி) இரண்டு. தலைப்பு, பதிப்பு விவரம், கடைசிப் பக்கம் எல்லாம் போக 13 விரிபக்கங்கள் (புத்தகத்தை விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கங்கள்) தேறும். ஒன்றுக்கு 60 முதல் 80 சொற்கள் என்றால் மொத்தமே ஆயிரம்தான்.

எட்டு ஏ4 தாள்களை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 32 பக்க மாதிரி தயார். அதில் பென்சிலால் எழுதிப் பாருங்கள். எந்த விரிபக்கத்துக்கு என்ன படம் என்று உங்களுக்கே தோன்றவில்லையோ, அந்தப் பத்தி பாடப்புத்தகத்துக்கு உரியது. ஒரு விலங்கு, ஒரு கேள்வி போதும். வரையாட்டை எடுத்துக்கொண்டால் 'இது பாறையில் ஏன் வழுக்கி விழுவதில்லை?' என்பதே முழுப் புத்தகத்துக்கும் தாங்கும். குளம்பின் ஓரம் கெட்டி, உள்பக்கம் ரப்பர் மாதிரி மெத்து. 'வரை' என்றால் மலை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடலாம்.

கேள்வி: கூனோ தேசியப் பூங்காவில் விடப்பட்டது சிறுத்தையா, சிவிங்கிப்புலியா? செய்தித்தாளுக்கு ஒரு பெயர், புத்தகத்துக்கு ஒரு பெயர் என்றால் பிள்ளைகள் குழம்ப மாட்டார்களா? (நூலகர், புதுக்கோட்டை)

பதில்: சிவிங்கிப்புலி, ஆங்கிலத்தில் 'சீட்டா'. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிப்புலிகள் மத்தியப் பிரதேசத்தின் கூனோவுக்கு வந்தன. சிறுத்தை நம் காடுகளில் எப்போதும் இருந்துவருகிற வேறொரு விலங்கு. இரண்டையும் சிறுத்தை என்றே எழுதினால், '1952இல் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட சிறுத்தை' வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் எப்படி நடமாடுகிறது என்று பிள்ளை கேட்கும். கேட்பதும் நியாயம்தான். படத்திலும் வேறுபாடு தெரிய வேண்டும். சிறுத்தையின் உடம்பில் இருப்பவை உடைந்த வளையங்கள். சிவிங்கிப்புலிக்குத் திட்டுத் திட்டாகக் கரும்புள்ளிகள், கண்ணோரத்திலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்தது போல ஒரு கறுப்புக் கோடு.

பெயரில் வழுக்கும் இடங்கள் இன்னும் உண்டு. 'எறும்புதின்னி' என்று மட்டும் எழுதி ஓவியரிடம் கொடுத்தால் நீண்ட மூஞ்சியும் புசுபுசு வாலுமாகத் தென் அமெரிக்க விலங்கு வந்து நிற்கும். நம் ஊர் எறும்புதின்னிக்கு உடம்பெல்லாம் செதில். 'அலங்கு' என்று தனிப்பெயரே இருக்கிறது. முள்ளம்பன்றிக்கும் இதே கதி. உருண்டையாகச் சுருண்ட முள்ளெலியை வரைந்துவிடுவார்கள். முள்ளம்பன்றி சுருளாது, முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாகப் பாயும். முள்ளை எய்யவும் எய்யாது. இதற்கு ஒரே மருந்து, ஓவியருக்குத் தரும் குறிப்பில் அறிவியல் பெயரையும் எழுதுவதுதான். அலங்கு என்றால் 'மானிஸ் கிராசிகாடேட்டா'. புத்தகத்தில் அது வேண்டியதில்லை.

கடலோரப் பிள்ளைகளுக்கு எழுதினால் மீனவர் வாயில் புழங்கும் பெயருக்கே முதலிடம் கொடுங்கள். கடற்பசுவைப் பாக் நீரிணைப் பக்கம் ஆவுளியா என்பார்கள்.

கேள்வி: ஓவியர் திறமைசாலி, ஆனால் காட்டுக்குப் போனவர் அல்லர். எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? (சிறுவர் நூல் பதிப்பாளர், மதுரை)

பதில்: காலிலிருந்து தொடங்குங்கள். புலிக்கு முன்காலில் ஐந்து விரல், பின்காலில் நான்கு. முன்காலின் ஐந்தாவது விரல் மேலே இருப்பதால் தரையில் படாது. ஆகவே தடத்தில் எப்போதும் நான்கு விரல், பின்னால் மூன்று மேடுள்ள ஒரு திண்டு. நடக்கும்போது நகம் உள்ளே மடங்கியிருப்பதால் நகக்குறி விழாது. விரல் நுனியில் புள்ளி வைத்து வரைந்தால் அது நாயின் தடம். (சிவிங்கிப்புலி இங்கேயும் விதிவிலக்கு. அதன் நகம் முழுதாக மடங்காது, தடத்தில் தெரியும்.) அதற்கு அடுத்து ஆண், பெண். பச்சைக்கிளியில் கழுத்து வளையம் ஆணுக்கு மட்டும். கூவும் குயில் கறுப்பு ஆண்; பெண் பழுப்பில் புள்ளி போட்டது. ஆசியப் பெண் யானைக்கு வெளியே நீளும் தந்தம் கிடையாது, தும்பிக்கை நுனியில் விரல் போன்ற நீட்சி ஒன்றே ஒன்று. இரண்டு இருந்தால் அது ஆப்பிரிக்க யானை.

பென்சில் கோட்டுப்படத்திலேயே இதையெல்லாம் பார்த்துவிடுங்கள். வண்ணம் ஏறிய பிறகு ஒரு விரலை அழிக்கச் சொன்னாலும் ஓவியருக்கு இரண்டு நாள் வேலை. விலங்கின் முகம் நடுமடிப்பில் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்தியாவில் எத்தனை புலிகள்? ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வோர் எண் இருக்கிறதே. (வாசகி, ஈரோடு)

பதில்: 2022 கணக்கெடுப்பின்படி சராசரி மதிப்பீடு 3,682. 3,167க்கும் 3,925க்கும் இடையே இருக்கலாம் என்பது அதன் பொருள். சிறுவர் நூலில் '2022இல் ஏறத்தாழ 3,700' என்று எழுதினால் போதும், ஆனால் ஆண்டை விடாதீர்கள். 1,411 என்பது 2006இன் எண். ஆண்டு போடாததால் மறுபதிப்புகளில் இன்னும் உலவுகிறது. பழைய 3,642ஐயும் இன்றைய எண்ணையும் ஒரே வரைபடத்தில் போடாதீர்கள். அது காலடித் தடத்தை வைத்து எண்ணிய காலத்தது; இப்போது தானியங்கிக் கேமரா பிடித்த படங்களில் வரிகளை ஒப்பிட்டு எண்ணுகிறார்கள். முழம் வேறு, கோல் வேறு.

கேள்வி: பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) அழிந்ததைப் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எழுத வேண்டும். பிணம், விஷம், சாவு என்றே போகிறது. மென்மையாக்கலாமா? (தொடக்கப் பள்ளி ஆசிரியை, கூடலூர்)

பதில்: மென்மையாக்கினால் பொய்யாகிவிடும். அதைத் துப்பறியும் கதையின் வரிசையில் வையுங்கள், பயம் தானாகக் குறையும். உண்மையில் நடந்ததும் அப்படித்தான்.

முதலில் வானம் வெறிச்சோடுகிறது. வெண்முதுகுப் பாறுகள் 1990களில் தொடங்கிப் பதினைந்தே ஆண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மறைந்தன. ஏதோ கிருமி என்று சந்தேகித்தார்கள். இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படிவு. யூரிக் அமிலம் அது. சிறுநீரகம் நின்றுபோனால் இப்படிப் படியும். நிறுத்தியது எது? 2004இல் விடை வெளியானது: மாட்டின் வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி. ஊசி போட்ட சில நாளில் மாடு இறந்தால் மருந்து இறைச்சியில் தங்குகிறது. பாறுகள் கூட்டமாக வந்து உண்பவை. நூறில் ஒரு மாட்டில் மருந்து இருந்தாலே கூட்டம் அழியப் போதும். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும் பறவையால் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது.

நீங்கள் நிறுத்தி எழுத வேண்டியது இதற்குப் பிறகு வருவதை. 2006இல் மாட்டுக்கு இந்த மருந்து தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதருக்கான 30 மில்லி குப்பியை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்தது. அதனால் 2015இல் மனிதருக்கான குப்பியை 3 மில்லியாகச் சுருக்கினார்கள். ஒரு மாட்டுக்குப் பல குப்பி உடைக்க வேண்டும் என்றால் யாருக்கும் கட்டுப்படியாகாது. பெரிய குப்பியையும் சின்னக் குப்பியையும் அசல் அளவில் பக்கத்துப் பக்கத்தில் வரையச் சொல்லுங்கள். பத்து வரி மிச்சம். 2023இல் அசிக்ளோஃபெனாக், கீட்டோப்ரோஃபென் இரண்டும் மாடுகளுக்குத் தடையாயின. பாறுகளுக்குக் கேடில்லாத மெலாக்சிகாம் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். மாட்டுக்கு வலித்தால் என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

மாட்டுக்காரரை வில்லனாக்காதீர்கள். மாடு வலியில் துடிப்பதைப் பொறுக்காமல் ஊசி போட்டவர் அவர். உங்கள் மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம்: தமிழ்நாட்டில் எஞ்சியிருக்கும் பாறுகள் கூடு கட்டுவது அவர்கள் ஊருக்குப் பக்கத்தில், மாயாற்றுப் பள்ளத்தாக்கில்.

கேள்வி: கடைசியில் 'நாம் என்ன செய்யலாம்?' பக்கம் அவசியமா? (எழுத்தாளர், சென்னை)

பதில்: பதிப்பகம் கேட்கும். 'மரம் நடுவோம்' என்று எழுதுவதானால் வேண்டாம்; பிள்ளை தனியாகச் செய்யக்கூடிய ஒன்றைக் கொடுங்கள். பறவைக்குத் தண்ணீர் வைப்பதென்றால் அகலமான மண்சட்டி, இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் கூடாது, நடுவில் பறவை உட்கார ஒரு கல். தினமும் தண்ணீரைக் கொட்டிவிட்டு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். கூட்டுக்குப் பக்கத்தில் போய்ப் படம் எடுக்கச் சொல்லாதீர்கள். 'கிளிக்கு நெல் வையுங்கள்' என்ற வரிக்குக் கூண்டுக்கிளிப் படம் போட்டுவிடாதீர்கள். பச்சைக்கிளி வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.