சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக்: கேபிளா, ஹைட்ராலிக்கா? வாங்கிய பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது?

கம்பி இழுத்துப் பிடிக்கும் கேபிள் டிஸ்க் நல்லதா, குழாயில் உள்ள திரவம் தள்ளிப் பிடிக்கும் ஹைட்ராலிக் நல்லதா, வாங்கிய பிறகு என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் பல வருடம் ஓட்டியிருக்கிறேன். ஒன்றை நானே கெடுத்தும் இருக்கிறேன். முதலில் அந்தக் கெடுத்த கதை.

ஒரு நாள் மாலை செயினுக்கு எண்ணெய் போட ஸ்ப்ரே டப்பாவை எடுத்தேன். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே சர்ரென்று அடித்தேன். செயின் பளபளவென்று ஆகிவிட்டது, எனக்கும் திருப்தி. மறுநாள் காலை ஓர் இறக்கத்தில் பின் பிரேக்கைப் பிடித்தால் நாய் ஊளையிடுவதுபோல் ஒரு சத்தம். சத்தம் வந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. முன் பிரேக் காப்பாற்றியது.

நடந்தது இதுதான். ஸ்ப்ரேயின் பொடித்தூறல், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் வட்டத் தகடான ரோட்டாரில் படிந்திருக்கிறது. நான் பிரேக் பிடித்ததும் அந்த எண்ணெயை, ரோட்டாரை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டையான பேட் உறிஞ்சிக்கொண்டுவிட்டது. ரோட்டார் வெறும் எஃகுத் தகடு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்தால் போதும். பேட் அப்படியல்ல, அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. உப்புத்தாளில் தேய்த்துப் பார்த்தேன், ஆல்கஹாலில் ஊறவைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் ஒழுங்காக இருக்கும், மூன்றாம் நாள் மறுபடி ஊளை. கடைசியில் புதுப் பேட்தான் போட்டேன். டிஸ்க் பிரேக்குக்கு எண்ணெயைப் போல வேறு எதிரி கிடையாது. விரலில் இருக்கும் பிசுக்கே போதும், அதனால் ரோட்டார் முகத்தைத் தொடவே கூடாது.

சரி, தேர்வுக்கு வருவோம். ஏற்கெனவே இருக்கும் சைக்கிளில் மாட்டும் எண்ணம் என்றால் முதலில் ஃப்ரேமையும் ஃபோர்க்கையும் பாருங்கள். பேடுகளைத் தாங்கும் காலிப்பர் உட்காரும் இடமும், ரோட்டார் மாட்டும் ஹப்பும் (சக்கரத்தின் நடுப்பகுதி) இல்லாவிட்டால் அந்த யோசனையை விட்டுவிடலாம். இரண்டும் இருந்தால்தான் கேபிளா ஹைட்ராலிக்கா என்ற பேச்சு.

கேபிள் வகையில் பெரும்பாலானவற்றில் வெளிப்பக்கப் பேட் மட்டும்தான் நகரும். அது ரோட்டாரைச் சற்றே வளைத்துக்கொண்டுபோய் உள்பக்கத்தில் அசையாமல் நிற்கும் பேடோடு சேர்த்து நசுக்கும். பேட் தேயத் தேய நாம்தான் இரு பக்கமும் திருகி நெருக்க வேண்டும். மறந்தால் லிவர் கைப்பிடிவரை வந்துவிடும். ஆனால் வழியில் கேபிள் அறுந்தால் ஒரு புதுக் கேபிளும் அல்லென் கீயும் போதும். ஹைட்ராலிக்கில் இரு பக்கமும் பிஸ்டன் தள்ளும், தேய்மானத்துக்கு ஏற்பத் தானே நெருங்கிக்கொள்ளும், ஒரு விரலில் பிடிக்கலாம். குழாய் கசிந்தால் மட்டும் நடுவழியில் ஒன்றும் செய்ய முடியாது.

என் கருத்து: தினமும் ஓட்டுபவர், மழையிலும் ஓட்டுபவர், மேடுபள்ளம் அதிகம் உள்ளவர் கண்ணை மூடிக்கொண்டு ஹைட்ராலிக் வாங்கலாம். ஆளரவமற்ற பாதையில் மூட்டை கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போகிறவருக்குக் கேபிள், அதிலும் இரண்டு பேடும் நகரும் வகை. மட்டமான கேபிள் டிஸ்க்கைவிட, சக்கர விளிம்பைப் பிடிக்கும் நல்ல ரிம் பிரேக் எவ்வளவோ மேல். டிஸ்க் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு சைக்கிளை வாங்காதீர்கள்.

ரோட்டார் அளவு பொதுவாக 160 மி.மீ. உடல் எடையோ சுமையோ அதிகம், நீண்ட இறக்கம் உண்டு என்றால் முன்னால் 180. மலைப்பாதை வண்டிகளில் 203 வரை பார்க்கலாம். பெரிது போட்டால் பிடிப்பும் கூடும், சூடும் சீக்கிரம் ஆறும். ஆனால் ஃபோர்க் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஓர் உச்ச அளவு உண்டு, அதைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பேடில் ரெசின், மெட்டல் என இரண்டு பிரிவு. ரெசின் சத்தம் போடாது, குளிர்ந்த நிலையிலேயே பிடிக்கும், ஆனால் சேற்றிலும் மழையிலும் வேகமாகக் கரையும். மெட்டல் நீடித்து உழைக்கும், சூட்டைத் தாங்கும், கொஞ்சம் சத்தம் போடும். சில ரோட்டார்களில் ரெசின் பேட் மட்டும் போடவும் என்று பொறித்திருப்பார்கள். அதில் மெட்டல் போட்டால் ரோட்டாரைத் தின்றுவிடும்.

புதுப் பேட் போட்டதும் பிடிக்கவில்லையே என்று பயப்படாதீர்கள். பழக்க வேண்டும். 20 கி.மீ. வேகத்துக்குப் போய், நடைவேகம் வரும்வரை சீராகப் பிடித்து விடுங்கள், சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு பிரேக்குக்கும் இப்படி இருபது தடவை. பேடின் மெல்லிய படலம் ரோட்டாரில் ஒட்டிக்கொள்ளும், நல்ல பிடிப்பு வருவது அதனால்தான்.

பராமரிப்பு உண்மையில் குறைவு. ஷிமானோ பேடில் உராயும் பகுதி 0.5 மி.மீ. ஆகிவிட்டால் மாற்ற வேண்டும். புதிதில் 1.8 மி.மீ. இருக்கும் அவர்களது ரோட்டார் 1.5-க்கு வந்தால் அதையும் மாற்ற வேண்டும். அந்த 1.5 பெரும்பாலும் ரோட்டாரிலேயே பொறித்திருக்கும்.

சக்கரம் சுற்றும்போது சிங்... சிங்... என்று உரசல் கேட்டால் காலிப்பர் விலகியிருக்கிறது. காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் அது அசையும் அளவுக்குத் தளர்த்துங்கள். லிவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். பத்தில் எட்டுத் தடவை இதிலேயே சரியாகும். ஆகாவிட்டால் காலிப்பருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து, முன்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். ரோட்டாருக்கு இரு பக்கமும் வெள்ளைக் கோடு தெரிய வேண்டும். ஒரு பக்கம் கோடு மறைந்தால் காலிப்பரை அந்தப் பக்கமாக நகர்த்தினால் இடைவெளி கிடைத்துவிடும். சுற்றில் ஓரிடத்தில் மட்டும் கோடு மறைந்து திரும்ப வந்தால் குறை காலிப்பரில் இல்லை, ரோட்டார் வளைந்திருக்கிறது. இதையெல்லாம் செய்யும்போது சுற்றுகிற சக்கரத்தின் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள், ரோட்டார் ஓரம் கத்தி மாதிரி. நீண்ட இறக்கம் முடிந்த உடனே தொட்டால் சுட்டும் விடும்.

ஹைட்ராலிக் லிவர் பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது, ப்ளீட் செய்ய வேண்டும், அதாவது அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். திரவத்தில் மட்டும் விளையாடாதீர்கள். ஷிமானோவும் மகுராவும் மினரல் ஆயில், ஸ்ராமின் பல மாடல்கள் டாட் (DOT) என்ற, கார் பிரேக்கில் ஊற்றும் வகைத் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும். டாட் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், பெயின்ட்டில் சிந்தினால் அரிக்கும்.

அப்புறம், பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது ஹைட்ராலிக் லிவரைப் பிடித்துவிடாதீர்கள். இடையில் ரோட்டார் இல்லாததால் பிஸ்டன்கள் வெளியே வந்து பேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சக்கரத்தை மறுபடி மாட்ட முடியாது. இதைத் தடுக்கப் பேடுகளுக்கு நடுவே செருகவென்றே ஒரு பிளாஸ்டிக் துண்டு புதுப் பிரேக்கோடு வரும், பலரும் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். நானும் எறிந்தவன்தான். இப்போது ஓர் அட்டைத்துண்டை மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். செயின் எண்ணெயும் ஸ்ப்ரே கிடையாது, சொட்டு சொட்டாக விடும் பாட்டில்தான், அதுவும் பின் ரோட்டார் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு.